தெனேயின் குரலுக்கு ஒரு மைக்

கிட்டா நகரின் உள்ளூர் வானொலியில் மொரிபா துங்காராவுக்கு என்ன வேலை என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வயர் சுற்றுகிறவன் என்பார்கள். பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் அலைகிறவன் என்பார்கள். செய்தி வாசிக்கிற நியாகலே சிஸ்ஸோகோ மட்டும், "அவனா? எங்க ஆபீஸ் ஊமை" என்று சிரிப்பாள்.

ஊர் ஊராகப் போய் மனிதர்கள் பேசுவதைப் பதிவு செய்வதுதான் அவன் வேலை. கிணற்றுத் தகராறு, நிலக்கடலை விளைச்சல், பிள்ளைக்குப் பெயர் வைக்கிற நாளின் வாழ்த்து, எதுவானாலும் சரி. போன இடத்தில் உடனே பையைத் திறக்க மாட்டான். முற்றத்தின் நடுவில் நின்று கண்ணை மூடிக்கொள்வான். மாவு மில் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம், கினிக்கோழிகள் எங்கே மேய்கின்றன, உலக்கை எங்கே விழுகிறது என்று காதாலேயே அந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். எந்த மைக் என்பது அதற்குப் பிறகுதான்.

அவன் கற்றதெல்லாம் பட்டுக் கற்றது. ரோமப் போர்வை போட்ட நீள மைக்கைத் தூரத்திலிருந்து நீட்டினால் காற்றின் தொல்லை இராது என்று ஒரு கிராமத்துக்குக் கொண்டுபோனான். ஆடுகள் வந்து அதை மோந்து பார்த்தன. "செத்ததை எதுக்குடா என் வாய்கிட்ட நீட்டுற?" என்று ஊர்த் தலைவர் எழுந்து போய்விட்டார். நெஞ்சில் குத்துகிற சின்ன மைக்கை ஒரு வேட்டைக்காரரின் சட்டையில் குத்திப் பார்த்தான். அந்தச் சட்டை முழுக்கத் தோல் தாயத்துகள். வீட்டுக்கு வந்து கேட்டால் தாயத்துகள்தான் பேசிக்கொண்டிருந்தன, வேட்டைக்காரர் தூரத்தில் எங்கோ முனகினார். கஞ்சி போட்டு அடித்த விறைப்பான அங்கி அணிந்தவர்களிடமும் இதே கதை. கை அசைந்தால் புயல். கடைசியில் காதில் மாட்டி, கன்னத்தோரமாக வாய்க்கு வருகிற கம்பி மைக் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. வாய்க்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு சுத்தம் என்பது அவனுடைய சித்தாந்தம் ஆயிற்று.

அந்தச் சித்தாந்தத்துக்கு ஓர் எதிரி இருந்தது. அது அவன் வாய்.

அந்தச் சீமையில் ஒருவர் பேசினால் கேட்கிறவர் ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'நாமு' என்று சொல்லவேண்டும். நாம் உம் கொட்டுவதுபோலத்தான், ஆனால் நம்மைவிடக் கண்டிப்பு. நாமு சொல்லாமல் கேட்பது முதுகைக் காட்டிக்கொண்டு கேட்பதற்குச் சமம். மொரிபாவின் ஆரம்பகாலப் பதிவுகள் எல்லாவற்றிலும் பேசியவரைவிட உரக்க அவனுடைய நாமு விழுந்திருந்தது. எத்தனை முறை உதட்டைக் கடித்தாலும் பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் அது தானாக வெளியே குதித்தது. தொழிலா மரியாதையா என்று பார்த்தபோது தொழில்தான் வென்றது. நாமுவைப் புருவத்தால் சொல்லப் பழகிக்கொண்டான். நியாகலே அவனை ஊமை என்றது அதனால்தான்.

தெனே குலிபாலி வானொலிக்கு வந்தது வறண்ட காற்று அடிக்கத் தொடங்கிய பருவத்தில். லாரி நிறுத்தத்தில் அவித்த தட்டைப்பயறு விற்கிறவள். குலிபாலி வம்சத்தாரை 'பயறு தின்னி' என்று கேலி செய்வது அங்கே யாருக்கும் உள்ள உரிமை. அதிலும் கெயிட்டா வம்சத்தாருக்குப் பிறப்புரிமை. ஒரு குலிபாலி பெண்ணே பயறு விற்க உட்கார்ந்தால் கேட்கவேண்டுமா? கேலிக்கென்றே சிலர் அவளிடம் சாப்பிட்டார்கள். அவளும் விடமாட்டாள். அவள் திட்டுவது புழுதியைத் தாண்டி அடுத்த தெருவுக்குக் கேட்கும். டிரைவர்கள் ஹாரன் அடித்துத் தோற்றுப்போவார்கள்.

அன்று அந்தக் குரலில் மணல் இருந்தது.

"என்ன பயறு அக்கா," என்றாள் நியாகலே, "சொந்தச் சரக்கே தொண்டையில சிக்கிருச்சா?"

"சிக்கிருச்சுதான்டி. பமாக்கோ பெரியாஸ்பத்திரியில அறுத்து எடுக்கப் போறாங்க. கட்டி."

நியாகலே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வாயை மூடாத. கேலி பண்ணாத ஆளுங்களைப் பார்த்துத்தான் இப்பல்லாம் பயமா இருக்கு." தெனே திரும்பினாள். "துங்காரா தம்பி, நீ குரல் பிடிக்கிறவன்தானே? என்னோடதைப் பிடி. கட்டியோட குரலும் போயிருமாம். நாளைக்கு விடியக்காலை பஸ்."

மொரிபா புருவத்தால் ஏதோ சொல்லப் பார்த்தான். முடியவில்லை. "யாருக்குக்கா? பிள்ளைங்களுக்கா?"

"பிள்ளைங்களுக்கு நான் பேசாம இருந்தாத்தான் நிம்மதி. எங்க வீட்டுக் கெயிட்டாவுக்கு. கண்ணு போயி எத்தனையோ மழைக்காலம் ஆச்சு அந்த ஆளுக்கு. என் மூஞ்சி மறந்தே போயிருக்கும். நான் வீட்டுல இருக்கேனா இல்லையான்னு அவருக்குக் காட்டுறது இந்த வாய் ஒண்ணுதான். இது போனா நான் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாலும் இல்லாதவதான்."

"அவருக்குத் தெரியுமா?"

"கட்டி எடுக்கறாங்கன்னு சொன்னேன். கூட இதையும் எடுக்கறாங்கன்னு சொல்லல."

மொரிபா அவளை ஸ்டூடியோவுக்குள் கூட்டிப்போனான். இருப்பதில் அமைதியான இடம் அதுதான். குரல் மெலிந்துவிட்டது, ஆகவே மைக் மிக அருகில் இருக்கவேண்டும். கன்னத்துக் கம்பியை மாட்டினான். கணக்கில் பிழையே இல்லை.

"பேசுங்கக்கா."

"என்னத்தைப் பேச?"

"அவர்கிட்டப் பேசற மாதிரி."

தெனே பேசினாள். "கெயிட்டா, நான்தான். நான் பமாக்கோ போறேன்." நிறுத்தினாள். அவன் புருவத்தை உயர்த்தினான். "பயறு மூட்டை உள்ளே இருக்கு." மறுபடி நிறுத்தினாள். அவன் தலையாட்டினான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் கண்கள் அவன் முகத்தில் எதையோ தேடித் திரும்பின. மாடிப்படியில் அடுத்த படி இல்லாததுபோல் வாக்கியங்கள் தடுக்கி விழுந்தன.

"நாமு சொல்லித் தொலையேன்டா!"

"சொன்னா அதுல விழுந்துரும்க்கா."

"விழட்டுமே. நான் சுவத்துக்கிட்டயா பேசறேன்?"

பதிவைப் போட்டுக் காட்டினான். ஒவ்வொரு மூச்சும் கேட்டது. தொண்டையின் கரகரப்பு, எச்சில் விழுங்கும்போது வரும் வலி, உள்ளே ஏதோ ஒன்று காற்றை வழிமறிக்கும் விசில். அப்படி ஒரு சுத்தமான பதிவை அவன் அதுவரை செய்ததில்லை.

தெனே முழுவதையும் கேட்டாள். "இது என் கட்டி பேசுது தம்பி," என்றாள். "நான் எங்க?"

வைத்தியர் அவளிடம் அதிகம் பேசக்கூடாது என்று சொல்லியிருந்தார். மீதமிருந்த குரலில் ஒரு பங்கை அவன் ஏற்கெனவே வீணடித்திருந்தான். "மத்தியானம் வீட்டுக்கு வர்றேன்க்கா. அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசாதீங்க. விக்கவும் வேண்டாம்."

"பேசாம பயறு வித்தா எவன் வாங்குவான்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மொரிபா பையைத் தரையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தான். குரல் என்பது வாயில் இருக்கிறது என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தான். தண்ணீர் வேண்டுமானால் ஊற்றுக்குத்தானே போகவேண்டும்? ஆனால் ஊற்றுக்குள்ளேயே தலையைவிட்டுப் பார்த்தாயிற்று. அங்கே அவள் இல்லை. பின்னே எங்கே?

மத்தியானம் அவன் தெனேயின் முற்றத்தில் வண்டியை நிறுத்தும்போது, அவள் கணவர் ஃபஜாலா கெயிட்டா கூரைநிழலில் பாவோபாப் மரநாரில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார்.

"துங்காரா வண்டி," என்றார் தலை நிமிராமல். "செயின் தளர்ந்திருக்கு."

நலம் விசாரித்தல் வழக்கம்போல் நீண்டது. வீடு, பிள்ளைகள், வயல், வயிறு எல்லாம் நலம். பிறகு மொரிபா முற்றத்தின் நடுவில் போய் நின்று கண்ணை மூடினான்.

"என்ன, நடந்து போன காலு பாதியில நின்னுருச்சு? கண்ணை மூடிக்கிட்டு நிக்கிறியா? எனக்குப் போட்டியா?"

"போட்டி போட முடியுமாண்ணே உங்களோட."

மில் கிழக்கே இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. காற்று வடக்கிலிருந்து புழுதியைக் கொண்டுவந்தது. நீள மைக் ஆகாது, அது மில்லையும் சேர்த்துக் கொண்டுவரும். எல்லாப் பக்கமும் கேட்கிற உருண்டை மைக் ஊரையே கொண்டுவரும். அப்போது சமையற்கட்டிலிருந்து தெனே குரல் கொடுத்தாள்.

"யோவ் கெயிட்டா! வந்தவனுக்குத் தண்ணி குடுத்தியா?"

"நாமு."

"நாமுன்னா குடுத்தேன்னு அர்த்தமா, குடுக்கலன்னு அர்த்தமா?"

"நாமு" என்றார் மறுபடியும், இந்தமுறை மூக்கால்.

அதற்குள் மொரிபா நடந்து வந்து கிழவருக்கு மிக அருகில் நின்றிருந்தான். கரகரப்பு இருந்தது. ஆனால் காலையில் கேட்ட விசில், எச்சில், மூச்சின் முள் எதுவும் அந்தத் தூரத்தைக் கடந்து வரவில்லை. வழியில் உதிர்ந்துபோய், வந்து சேர்ந்தது தெனே மட்டும்தான். மனிதனின் குரல் முழுமையாக உருவாகிற இடம் அவன் வாய்க்கு வெளியே, கேட்கிறவன் காதருகே எங்கோ இருக்கிறது. குரலைக் கேட்டுக் கேட்டே பிழைத்தவன், இதைக் கேட்டதில்லை.

பையின் அடியில், துணி சுற்றி, ஒரு மைக் கிடந்தது. மூடிப்போன ஏதோ ஒரு ஸ்டூடியோவிலிருந்து வந்தது. அதற்கு முன்னும் பின்னும் காது, பக்கவாட்டில் செவிடு. உள்ளே காகிதம் போன்ற ஒரு மெல்லிய உலோகத் தகடு. காற்று பட்டால் கிழியும். வெளியூருக்குக் கொண்டுபோக உகந்ததே இல்லை என்று அதைத் தொட்டதில்லை. மெல்லிய குரலை அது இன்னும் மெல்லிசாகத்தான் கொடுக்கும். ஒலியளவைக் கூட்டினால் அடியில் இரைச்சல் வரும். அவள் குரலோ நாளைக்குக் கிடைக்காது. இது தவறினால் இன்னொரு தரம் என்பது கிடையாது. துணியைப் பிரித்தான்.

பயறு மூட்டைகள் அடுக்கியிருந்த அறையைத் தேர்ந்தான். சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தத்தை மூட்டைகள் விழுங்கிக்கொள்ளும். வாசலில் கனத்த துணி தொங்கியது, காற்று வராது. இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் மைக்கை நட்டு, அதன் செவிட்டுப் பக்கத்தை மில்லுக்குத் திருப்பினான்.

"இது என்ன?" ஃபஜாலா கைநீட்டினார்.

"மைக்ணே. ஊதிராதீங்க."

"இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்."

"அப்ப சரி. கெயிட்டாவுக்கும் குலிபாலிக்கும் நடுவுல நிக்க அப்படி ஒருத்தன்தான் வேணும்." கிழவர் சிரித்தார். "எதுக்கு இதெல்லாம்? வானொலியில பயறு விளம்பரமா?"

தெனே மொரிபாவைப் பார்த்தாள். அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினான்.

"மொத மொதல்ல என்கிட்ட வந்த அன்னிக்கு என்ன சொன்ன, ஞாபகம் இருக்கா?" என்று ஆரம்பித்தாள்.

"நாமு."

"பயறு விக்கிற குலிபாலியைப் பார்த்ததே இல்ல, திங்கிற குலிபாலியைத்தான் பார்த்திருக்கேன்னு சொன்ன."

"நாமு!"

"சொல்லிட்டு நீ ரெண்டு தட்டு தின்ன."

"மூணு."

"தின்னுட்டு மறுநாளும் வந்த. அன்னிக்கும் தின்ன. நான் எங்கம்மாகிட்டச் சொன்னேன், பாவம், வீட்டுல சோறில்லாத கெயிட்டா போல, கட்டிக்கிட்டா புண்ணியம்னு."

"அடிப்பாவி. நாமு."

மொரிபாவின் காதுக்குள் இரண்டு குரல்களும் ஒன்றையொன்று ஏந்திக்கொண்டு போயின. அவள் வாக்கியம் சரிகிற இடத்தில் அவருடைய நாமு வந்து தோள்கொடுத்தது. ஒரு நாமு தள்ளிவிட்டது, ஒன்று தடுத்தது, ஒன்று வெட்கப்பட்டது. காலையில் படி தேடித் தடுமாறியவள் இப்போது ஓடிக்கொண்டிருந்தாள். இதில் எது அவள் பேச்சு, எது அவருடையது என்று கத்தரிக்கப் போனால் துணியே கிழிந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது. இத்தனை வருஷம் தான் கத்தரித்து எறிந்ததெல்லாம் என்ன என்றும் ஒரு கணம் தோன்றியது. அதைப்பற்றி நினைக்க அது நேரமில்லை.

"கெயிட்டா."

"நாமு."

"பமாக்கோவுல அறுக்கும்போது குரலையும் எடுத்துருவாங்க."

மில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். மைக் அதைக் கேட்கவில்லை. இருவரின் மூச்சையும் மட்டும் கேட்டது. ஃபஜாலா நாமு சொல்லவில்லை. அவள் காத்திருந்தாள். அந்த வீட்டில் ஒரு வாக்கியம் பதிலில்லாமல் நின்றது அதுவே முதல்முறையாக இருக்கலாம். மொரிபாவின் தொண்டை வரைக்கும் ஒரு நாமு ஏறி வந்தது. பல்லைக் கடித்து நிறுத்தினான். அது அவன் சொல்லவேண்டியதில்லை.

"தெரியும்," என்றார் ஃபஜாலா கடைசியில். "மழை விட்டதிலேருந்து உன் குரல் தேஞ்சுக்கிட்டே வருது. எனக்குத் தெரியாம எங்க போயிரும் அது?"

"தெரிஞ்சா கேக்கறதுதானே?"

"நீ சொல்ற வரைக்கும் எதுக்குக் கேக்கணும்?" நார் வாசம் வீசும் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. இந்த ரெண்டு மூஞ்சிக்காரன் அதுக்குத்தான் வந்திருக்கானா? அப்ப உட்கார்ந்து அழுவுற வேலை வேண்டாம். திட்டு. மிச்சம் வச்சதெல்லாம் திட்டிரு."

"வைத்தியர் மெதுவாத்தான் பேசணும்னாரு."

"அவரா உன்னைக் கட்டிக்கிட்டாரு? லாரி நிறுத்தத்துல கூப்புடுற மாதிரி ஒரு தடவை கூப்புடு."

மொரிபா அவசரமாக ரெக்கார்டரின் அளவைக் குறைத்தான். தெனே மூச்சை இழுத்து, "யோவ் பயறுக்கு அலையற கெயிட்டா, வாய்யா இங்க!" என்று கூவினாள். மூட்டைகள் விழுங்கியது போக மிஞ்சியதே அறையை நிறைத்தது. முற்றத்தில் கினிக்கோழிகள் சிதறி ஓடின. கூவல் பாதியில் உடைந்தது. உடைந்ததை அவள் இருமலால் முடித்தாள். கிழவர், "நாமு, நாமு, நாமு" என்று அவள் இருமல் அடங்கும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அவர்கள் மெதுவாகப் பேசினார்கள். மகள் வீட்டுக்கு யார் அரிசி அனுப்புவது, கூரையில் எந்த மூலை ஒழுகுகிறது என்பதெல்லாம். மொரிபா நிறுத்தச் சொல்லவில்லை. பிறகு பேச்சு தானாக ஓய்ந்தது. அதையும் அவன் பதிவு செய்தான்.

மறு மழை வரும்போது தெனே திரும்பி வந்துவிட்டாள், கழுத்தில் துளையும் அதன்மேல் கைக்குட்டையுமாக. பதிவை முழுதாக ஃபஜாலாவிடம் மொரிபா கொடுத்திருந்தான். அதோடு, தெனே சைகையிலும் சண்டையிலும் கேட்டுக்கொண்டபடி, அதிலிருந்து சில துண்டுகளை மட்டும் வெட்டி அவள் போனில் ஏற்றியிருந்தான். 'யோவ் கெயிட்டா' ஒன்று. 'தண்ணி குடுத்தியா' பதிவில் இல்லை. அதற்காக அவள் அவன் தலையில் குட்டினாள்.

ஒருநாள் அந்தப் பக்கம் போனவன் உள்ளே நுழைந்தான். ஃபஜாலா கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தெனே எதிரில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்குப் பயறு வேகல," என்றார் கிழவர்.

தெனே போனை எடுத்து அழுத்தினாள். 'பாவம், வீட்டுல சோறில்லாத கெயிட்டா போல' என்றது போன், லாரி நிறுத்தத்துத் தெம்போடு.

"இதையே காலையிலேருந்து மூணாவது தடவை சொல்றா, பாரு துங்காரா. புதுசா ஏதாவது திட்டச் சொல்லு. பழைய சோறு எனக்கு ஒத்துக்காது."

தெனே எட்டி முறத்தால் அவர் முழங்காலில் ஒன்று வைத்தாள்.

"இது புதுசு," என்று ஒப்புக்கொண்டார். பிறகு சட்டென்று கயிறைக் கீழே வைத்து, தலையைச் சற்றே சாய்த்தார். முகம் மலர்ந்தது. "பாரு, சிரிக்கிறா."

மொரிபா தெனேயைப் பார்த்தான். அவள் குனிந்து, முறத்தால் முகத்தை மறைத்திருந்தாள். தோள் அசைந்ததா என்றுகூடத் தெரியவில்லை. அவனுக்கு எதுவும் கேட்கவில்லை.

"எங்கண்ணே? எனக்கு ஒண்ணும் விழலியே."

"கைக்குட்டைக்கு அடியில காத்து வருது பாரு, பொசு பொசுன்னு. கோபத்துல வந்தா நீளமா வரும். தூங்கினா வேற மாதிரி. இது சிரிப்பு."

மொரிபா பையை வாசலிலேயே வைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, முழங்காலிட்டு நெருங்கினான். கினிக்கோழி, மில், உலக்கை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காதிலிருந்து விலக்கினான். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு எல்லாவற்றுக்கும் அடியில், ஈரத்துணியை யாரோ மெல்ல உதறுவதுபோல, அது வந்தது.